சேனல் 16... பசியாவரம் பேசுறேன்!

சென்னையில் இருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பி வரக்கூடிய இடங்கள் என்று காலேஜ் பசங்களிடம் லிஸ்ட் கேட்டுப் பாருங்கள். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், மிஞ்சிப் போனால் பாண்டிச்சேரி. எல்லாமே தெற்கு! வடக்கு என்று ஒரு திசை இருப்பதே நம்ம பசங்களுக்கு மறந்து போச்சு.

ஒரு மாறுதலுக்கு வண்டியை வடக்கே திருப்புங்க. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறினால் கடைசி ஸ்டாப் பழவேற்காடு. சுற்றிலும் தண்ணிதான். அந்தத் தண்ணிக்கு நடுவில் ஒரு தீவுக் கிராமம். பேர் பசியாவரம். பிரித்துப் படித்தால் 'பசியா வரம்'! இறாலும் நண்டும் மடவையும் பிடிக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு பேர் கிடைக்குமா?

நாங்கள் போனது மீன் குழம்பு சாப்பிட. பார்த்துவிட்டு வந்தது வேறு விஷயம். ஒரு பழைய மெரைன் ரேடியோவை ஒரு ஃபைபர் படகில் மாட்டும் வேலை. அதைப் பார்த்த பிறகு இந்த ஏரியையும் கடலையும் பார்க்கிற பார்வையே மாறிப் போச்சு.

லுங்கிக்குப் பேர் கொடுத்த ஊர்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பழவேற்காடு ஏரி, ஒடிசா பக்கம் இருக்கும் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணி ஆறு நல்ல தண்ணி கொண்டு வந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணியை அனுப்பும். இரண்டும் கலந்த இடத்தில் இறால் குஞ்சுகள் வளரும். இரை தேடி குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். பூநாரைகளைத் தேடி கேமராவும் கையுமாக நாம் வருவோம்.

டச்சுக்காரர்கள் 1610-ல் இங்கே வந்து இறங்கினார்கள். 1613-ல் கட்டிய கோட்டைக்குப் பேர் கெல்டிரியா. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறுகிற வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடமே இதுதான். இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது துணி. டச்சு வாயில் 'பாலியகட்டா' ஆன ஊர்ப் பேர், கட்டம் போட்ட துணிக்கும் ஒட்டிக் கொண்டது. 'பாளையகாட்' லுங்கி கேள்விப்பட்டிருப்பீர்களே... ஹாஸ்டலில் நம்ம தேசிய உடை! அதன் பேருக்குப் பின்னால் இருப்பது இந்த ஊர்தான்.

கோட்டை இப்போது மண்மேடும் புதருமாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். பயப்படாமல் உள்ளே போகலாம்.

பசியாவரம், இடமணி, ரஹமத் நகர் என்று சுற்றிலும் தண்ணி சூழ்ந்த கிராமங்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால், பல வருஷம் இந்த ஊர்க்காரர்களுக்குப் படகுதான் பஸ்! ஸ்கூலுக்குப் படகு, ரேஷனுக்குப் படகு, பிரசவத்துக்கும் படகு. பாலம் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்த ஊர் இது. நமக்கு பைக் மாதிரி அவர்களுக்குப் படகு. நாம் பைக்குக்கு ஹாரன் மாட்டுகிற மாதிரிதான் அந்த அண்ணன் படகுக்கு ரேடியோ மாட்டிக் கொண்டிருந்தார் என்று முதலில் நினைத்தோம்.

விஷயம் அவ்வளவு சின்னது இல்லை.

ஏரி வேற... கடல் வேற!

"ஏரில விழுந்தா பெரும்பாலும் எழுந்து நின்னுக்கலாம் தம்பி. கடல்ல விழுந்தா யாராவது வரணும்."

படகுக்கார அண்ணன் சொன்ன இந்த ஒரு வரியில் எல்லாம் அடக்கம். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இடுப்பளவு தண்ணியில் நின்றே வலை இழுக்கிறார்கள். இருளர் மக்கள் சேற்றுக்குள் கைவிட்டுத் தடவியே இறால் பிடிக்கிறார்கள்.

அதற்காக ஏரியை இளக்காரமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. 2011 டிசம்பர் 25... கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் போன படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்து போனார்கள். கரைக்கு வெகு தூரத்தில் நடந்த விபத்தும் இல்லை அது. அதற்குப் பிறகுதான் இங்கே உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு போலாம்" என்று கூப்பிட்டால் தலையாட்டாதீர்கள், ப்ளீஸ்!

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் வாசல்தான் முகத்துவாரம். அதுதான் வில்லங்கம் பிடித்த இடம். அலை மணலைக் கொண்டு வந்து தள்ளிக் கொண்டே இருக்கும். வாய் தூர்ந்து போகும். நேற்று வழி இருந்த இடத்தில் இன்று மணல் திட்டு இருக்கும். கடலுக்குப் போகிற படகு திட்டில் தட்டி நின்றால், பின்னால் வருகிற அலை பக்கவாட்டில் அடித்துப் புரட்டிப் போட்டுவிடும். நிரந்தரமாக ஒரு முகத்துவாரம் வேண்டும் என்று இந்த மீனவர்கள் பல காலமாகப் போராடியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முன்னால் போன படகு திட்டில் தட்டுகிறது. பின்னால் பத்துப் படகுகள் வந்து கொண்டிருக்கின்றன. இன்னும் விடியவில்லை. வாடைக் காற்று வேற. பின்னால் வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது?

போன்தான் இருக்கே பாஸ்?

இதே கேள்வியை நாங்களும் கேட்டோம். எல்லார் மடியிலும் பாலித்தீன் கவரில் சுற்றிய செல்போன் இருக்கிறது. அப்புறம் எதற்கு ரேடியோ?

காரணம் ஒன்று: டவர்கள் எல்லாம் நிலத்தில் இருக்கிறவர்களுக்காக வைக்கப்பட்டவை. கரையை விட்டு விலக விலக சிக்னல் மங்கும். அவசரத்தில் அதை நம்ப முடியாது.

காரணம் இரண்டுதான் முக்கியம். போனில் பேசினால் ஒருத்தருக்குத்தான் கேட்கும். அதுவும் நம்பர் தெரிந்திருக்க வேண்டும், அவர் எடுக்க வேண்டும். ரேடியோவில் பேசினால் அந்த வட்டாரத்தில் செட்டை ஆன் பண்ணி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். பக்கத்தில் இருக்கிற படகு யாருடையது என்றே தெரிய வேண்டியதில்லை. உதவிக்கு முதலில் வரப்போவது எப்போதுமே பக்கத்துப் படகுதான்.

ஒரு தகவல் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேருவதன் அருமைக்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் இருந்து ஒரு போன். டி.வி-யில் செய்தி பார்த்த உள்ளூர்ப் பையன் பதறிப் போய்ப் பேசினார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையமும், மீனவர்களுக்கு வானிலை சொல்ல ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடித் தப்பித்தது. போன் வந்தது ஒருத்தருக்கு... ஊரைக் காப்பாற்றியது ஒலிபெருக்கி!

கடலில் அந்த ஒலிபெருக்கி வேலையைச் செய்வதுதான் வி.எச்.எஃப். மெரைன் ரேடியோ.

பழைய பெட்டிக்குள் பழைய ஓனர்

அண்ணன் வாங்கியிருந்தது செகண்ட் ஹேண்ட் செட். புதுசு வாங்கக் கட்டுப்படி ஆகாது. இந்த மாதிரி பழைய செட்டுகள் பல வழியில் சந்தைக்கு வரும். குஜராத் அலங் கடற்கரையில் உடைக்கப்படும் கப்பல்களில் இருந்து கழற்றிய சாமான்கள் ரோட்டோரக் கடைகளில் மலை மலையாகக் குவிந்திருக்கும். விசைப்படகுக்காரர்கள் புதுசு மாற்றும்போது பழசைத் தள்ளி விடுவார்கள். பாதி விலைக்கு, அதற்கும் கீழே கிடைக்கும்.

ஆனால் பழைய ரேடியோவில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய செல்போன் வாங்கினால் சிம்மை மாற்றிவிட்டால் போதும். மெரைன் ரேடியோவில் அப்படி இல்லை. கொஞ்சம் நவீனமான செட்டுகளில் மூடி போட்ட ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால், வாயைத் திறக்காமலே சேனல் 70 வழியாக ஆபத்துச் செய்தி டிஜிட்டலாகப் பறக்கும். அந்தச் செய்தியில் படகின் அடையாளமாக 9 இலக்க நம்பர் ஒன்று போகும். எம்.எம்.எஸ்.ஐ. என்று பேர். இந்தியப் படகு என்றால் 419-ல் தொடங்கும்.

பழைய ஓனரின் நம்பர் செட்டுக்குள்ளேயே பதிந்திருந்தால்? பழவேற்காட்டில் மூழ்குகிற படகுக்கு பதில், வேறு எங்கேயோ இருக்கும் ஒரு கப்பலின் பேர் கரையில் திரையில் தெரியும். அந்தக் கப்பல்காரருக்கு போன் போட்டால், "நாங்க நல்லாத்தானே இருக்கோம்!" என்பார். தேட வேண்டியவர்கள் குழம்பி நிற்பார்கள். இங்கே நிமிஷங்கள் போய்க் கொண்டிருக்கும்.

பெரும்பாலான செட்டுகளில் இந்த நம்பரை நாமாக ஒரு தடவை, அதிகபட்சம் இரண்டு தடவைதான் பதிக்க முடியும். அதற்கு மேல் மாற்ற வேண்டும் என்றால் கம்பெனி சர்வீஸ் ஆட்கள்தான் அழித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே பழைய செட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "பாட்டு கேக்குதா?" இல்லை... "நம்பர் அழிச்சாச்சா?"

பார்க்க வேண்டிய மற்ற விஷயங்கள்: பின்பக்கம் ஆன்டெனா சொருகும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா? மைக்கின் சுருள் ஒயர் விரிசல் விட்டிருக்கிறதா? பேசும் பட்டன் அழுத்தினால் ஒட்டிக் கொள்ளாமல் திரும்ப எழும்புகிறதா? கடைசியாக, அமெரிக்காவில் இருந்து வந்த செட் என்றால் சேனல் வரிசை அமெரிக்க முறையில் இருக்கும். அதை இன்டர்நேஷனல் முறைக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சில சேனல்களில் நீங்கள் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது.

பேப்பர் முக்கியம்!

அந்த அண்ணனிடம் எங்களுக்குப் பிடித்த விஷயம், உரிமத்தாள் கைக்கு வருகிற வரைக்கும் அவர் பெட்டியைத் தொடவே இல்லை என்பது. 1933-ல் வந்த சட்டத்தில் இருந்தே இந்தியாவில் வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பேசினால்தான் தப்பு என்று இல்லை, வைத்திருந்தாலே தப்பு!

கெடுபிடிக்குக் காரணமும் இருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான். அதற்குப் பிறகு கடற்கரை முழுக்கக் கண்காணிப்பு இறுகியது. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. பழவேற்காடு வேறு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்து வீடு. ரசீது இல்லாத, உரிமம் இல்லாத ஒரு செட்டோடு இந்தக் கடலில் மாட்டினால் பதில் சொல்லி மாளாது.

"ஆபத்துக்குன்னு வாங்குனதே ஆபத்தாயிடக் கூடாது பாரு" என்றார் அண்ணன். படகுப் பதிவு, உரிமம், ரசீது, மூன்றையும் லேமினேட் பண்ணி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நம்ம ஹால் டிக்கெட்டைக்கூட நாம் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை!

மானியத்தில் கிடைக்குமா என்று முதலில் மீன்வளத் துறை ஆபீஸில் விசாரித்துவிட வேண்டும் என்பது அவர் தரும் இன்னொரு டிப்ஸ். தமிழக அரசு மீனவர்களுக்கு வி.எச்.எஃப். கருவிகளை மானியத்தில் கொடுத்திருக்கிறது. அது கிடைத்தால் பழைய செட்டைத் தேடி அலையவே வேண்டாம்.

ஈ.சி.இ. பையனும் மெக்கானிக்கும்

இனி மாட்டும் படலம். எங்கள் கேங்கில் ஒருத்தன் ஈ.சி.இ. ஃபைனல் இயர். ஆன்டெனா பேப்பரில் டிஸ்டிங்ஷன். வந்திருந்த மெக்கானிக் பத்தாவது வரைக்கும் படித்தவர். இரண்டு பேரும் படகில் உட்கார்ந்து ஒயரைப் பிரித்த அந்த இரண்டு மணி நேரம், அவனுக்கு நாலு வருஷத்தில் கிடைக்காத லேப் கிளாஸ்.

பாடம் 1: உயரம்தான் ராஜா. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்காது. கணக்கு ரொம்ப ஈஸி. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். தண்ணிக்கு மேல் 3 மீட்டர் என்றால் சுமார் 7 கிலோமீட்டர். எதிர்ப் படகுக்கும் அதே 7. ஆக, இரண்டு சின்னப் படகுகளுக்கு நடுவில் 14 கிலோமீட்டர். கரையில் 50 மீட்டர் டவரில் ஆன்டெனா இருந்தால், அதற்கு 29, நமக்கு 7, மொத்தம் 36. செட்டின் பவரைக் கூட்டுவதைவிட மூங்கிலை உயர்த்துவது லாபம்! உட்கார்ந்த இடத்தில் கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கியைவிட, கம்பத்தில் ஆன்டெனா வைத்த செட் மேல் என்பதற்கும் இதுதான் காரணம்.

பாடம் 2: ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத பவர் செட்டுக்கே திரும்பி வந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். பழைய செட்டுகள் பாதி செத்துப் போவது கடைக்காரர்கள் இப்படி 'டெஸ்ட்' பண்ணித்தான்.

பாடம் 3: கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிசான கேபிள் 15 மீட்டர் போட்டால் 25 வாட்டில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். நல்லவேளை, ஃபைபர் படகில் நாலைந்து மீட்டரே போதும். ஆனால் வெட்டுவாயில் உப்புக் காற்று புகுந்தால் செம்பு கறுத்துப் போகும். ஆகவே இணைப்பின் மேல் தானாக ஒட்டிக் கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினார் மெக்கானிக். அதற்கு மேல் சாதா டேப்.

பாடம் 4: கரன்ட். 25 வாட்டில் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 5, 6 ஆம்பியர் இழுக்கும். சும்மா கேட்டுக் கொண்டிருந்தால் அரை ஆம்பியர்கூட ஆகாது. பேட்டரியை மூடி போட்ட டப்பாவில் வைத்து, படகு ஆடினாலும் நகராத மாதிரி கட்ட வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபியூஸ் எரிந்தால் கம்பி சுற்றி ஒப்பேற்றும் நம்ம வீட்டு வைத்தியம் இங்கே கூடாது. பெட்ரோல் கேனும் அதே படகில்தானே இருக்கிறது!

பாடம் 5: திசைகாட்டி இருந்தால் செட்டை அதற்கு ஒரு மீட்டராவது தள்ளி வை. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. வடக்கையே மாற்றிவிடும்.

எல்லாம் முடித்து, மீட்டர் வைத்துப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 3 காட்டியது. 1.5-க்குள் இருந்தால் நல்லது. நம்ம ஈ.சி.இ. பையன் நோட்டில் ஃபார்முலா எழுத ஆரம்பித்துவிட்டான். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் கனெக்டரைக் கழற்றினார். வெளிச் சல்லடைக் கம்பியில் இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நகவெட்டியால் ஒரு வெட்டு. திரும்ப மாட்டினால்... 1.3!

"படிப்புல இதுக்குப் பேர் என்னப்பா?" என்றார். "இம்பிடன்ஸ் மிஸ்மேட்ச் அண்ணே." "நாங்க மயிரு மாட்டிக்கிச்சும்போம்." படகே சிரித்தது.

ரேடியோவிலும் ஒரு 'பாடு'

பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொள்வார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. முறை மீறினால் ஊர் கேட்கும். பொதுச்சொத்தை அடித்துக் கொள்ளாமல் பகிர்வது எப்படி என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் தேடி வந்து படித்துவிட்டுப் போன முறை இது.

ரேடியோவும் அதே கதைதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். நீங்கள் பட்டனை அழுத்தியிருக்கும் வரை சுற்றி இருக்கும் அத்தனை பேரின் வாயும் அடைபடும். அதிலும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகத்துக்கே பொதுவான அவசரச் சேனல். கூப்பிடலாம், உடனே வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். படகுகள் தங்களுக்குள் பேச 6, 8, 72, 77 என்று தனிச் சேனல்கள் இருக்கின்றன. இறால் விலையும், நேற்று பார்த்த சினிமாவும் 16-ல் பேசினால், மூழ்குகிறவன் குரல் உள்ளே வர முடியாது.

ஆபத்து என்றால் மூன்று வார்த்தைகள். உயிர் போகிற நிலை என்றால் 'மேடே', மூன்று தடவை. 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃப்ரெடெரிக் மாக்ஃபோர்டு உருவாக்கிய வார்த்தை. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சு வார்த்தையின் உச்சரிப்பில் இருந்து வந்தது. மே தினத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் இன்ஜின் படுத்துவிட்டது என்றால் 'பான் பான்'. வழியில் மரம் மிதக்கிறது, முகத்துவாரத்தில் திட்டு விழுந்திருக்கிறது என்று மற்றவர்களை எச்சரிக்க 'செக்யூரிட்டே'.

மேடே சொன்ன பிறகு படகின் பேர், எங்கே இருக்கிறோம், என்ன ஆச்சு, எத்தனை பேர். அவ்வளவுதான். அழுகை, புலம்பல் எதுவும் வேண்டாம். அண்ணன் இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதி செட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். "அந்த நேரத்துல நம்ம பேரே நமக்கு மறந்துடும்" என்றார். அவருடைய பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனையும் உட்கார வைத்து, பட்டனை அழுத்தாமல், நாலு தடவை சொல்ல வைத்தார். அப்பா தண்ணியில் விழுந்தால் பேசப் போகிறவன் அவன்தானே?

நிலாவோட பேசறோம்... படகோட?

பழவேற்காட்டுக் கரையில் நின்றால் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கிற நீளமான மணல் தீவு அது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 கிளம்பியது அங்கிருந்துதான். ராக்கெட் விடுகிற நாளில் இந்த மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைக்கு வருமானம் கட். ஆனாலும் ராக்கெட் மேலே போகும்போது கை தட்டுகிறார்கள்.

நிலாவில் இறங்கிய விண்கலத்தோடு பேசுகிற நாட்டில், கரையில் இருந்து சில மைல் தள்ளி இருக்கிற படகோடு பேச முடியவில்லை என்ற கோபம் ரொம்ப நாளாக உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது அந்தக் கோபம் வெடித்தது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்களுக்கு வி.எச்.எஃப். எட்டவில்லை. புயல் வருகிற செய்தியே போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஆண்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு விஷயங்கள் நகர்ந்தன. 2019-ல் சாட்டிலைட் வழியே புயல் எச்சரிக்கை வாங்கும் 'ஜெமினி' கருவி வந்தது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தகவல் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' 90.4 என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி இயங்க ஆரம்பித்தது. இத்தனைக்கும் நடுவில் பழைய வி.எச்.எஃப். செட்டின் மவுசு குறையவில்லை. சாட்டிலைட் கரைக்குச் சொல்லும். கரையில் இருந்து ஆள் கிளம்பி வர நேரமாகும். பக்கத்துப் படகைக் கூப்பிட இன்னமும் சேனல் 16-தான்.

கிளம்புறீங்களா?

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கும்போதே ஏ.டி.எம். வேலையை முடித்துவிடுங்கள். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி ஒன்று இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. என்று ஒரு படிப்பு இருப்பதே பல பேருக்குத் தெரியாது, தம்பி தங்கைகளிடம் சொல்லி வையுங்கள். பழவேற்காட்டில் பனை ஓலையில் கூடை, டப்பா பின்னும் பெண்களிடம் பேரம் பேசாமல் ஒன்றாவது வாங்குங்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் போனால் நல்லது. பிளாஸ்டிக் கவரை ஏரியில் வீசாதீர்கள், நாளைக்கு அது யாரோ ஒருத்தர் வலையில்தான் ஏறும்.

இரண்டு நம்பர்களை இப்போதே போனில் ஏற்றிக் கொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கோஸ்ட் கார்டு 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. எலியட்ஸ் பீச்சிலோ மெரினாவிலோ யாரோ அலையில் இழுக்கப்படுவதைப் பார்த்தாலும் உதவும்.

ஈ.சி.இ., ஈ.ஈ.ஈ. பசங்களே... ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேடா வாங்குவதற்குப் பதில் ஒரு லோக்கல் டிரெயின் டிக்கெட் எடுங்கள். உப்புக் காற்றுக்குத் தாங்குகிற ஒரு கனெக்டர் மூடி, சின்னப் படகில் மடக்கி வைக்கிற மாதிரி ஒரு ஆன்டெனா கம்பம், மேடே சொல்லும் முறையைத் தமிழில் அச்சடித்த நனையாத அட்டை... பசியாவரம் மாதிரி ஊர்களில் இதற்கெல்லாம் தேவை இருக்கிறது. வைவா எடுப்பவர் எத்தனை மார்க் போடுவாரோ தெரியாது. ஆனால் என்றைக்காவது ஒரு விடியற்காலையில், முகத்துவாரத்தில் ஒரு குரல் கேட்டு, பின்னால் வந்த பத்துப் படகுகள் வேகத்தைக் குறைத்தால்... அதுதான் அவுட் ஆஃப் அவுட்!